நங்கூரக் கடிகாரத்தின் பின்மூடி

1987 நவம்பர் 1, ஞாயிறு

மழை. நேற்று ராத்திரி பிடித்தது, இன்னும் விடவில்லை. ராஜபாளையம் பஸ்ஸில் ஜன்னல் ஷட்டர் இறங்க மாட்டேன் என்றது. வலது தோள் முழுக்க நனைந்தபடி டூட்டி. ஞாயிற்றுக்கிழமை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நானும் சுற்றாத ஒரு ஃபேனும்தான்.

மத்தியானம் வழக்கம்போல 'ஞாயித்துக்கிழமை கால்'. நாங்கள் வைத்த பெயர். மில் கெஸ்ட் ஹவுசிலிருந்து ஜப்பானுக்கு. புது மெஷின் மாட்ட வந்திருக்கும் இன்ஜினியர். மெட்ராஸைப் பிடித்து, அங்கிருந்து அவர்கள் பிடித்து, லைன் வருவதற்குள் என் தொண்டை கட்டிவிடும். ஒட்டுக் கேட்கக் கூடாது என்பது ரூல். புரியாத பாஷையைக் கேட்பது ஒட்டுக் கேட்பதில் சேருமா? சேராது என்று நானே தீர்ப்பு சொல்லிக்கொண்டேன். அந்தப் பக்கம் ஒரு பெண். வயதான குரல். அம்மாவாக இருக்கும். இவர் பேசியது கொஞ்சம், கேட்டுக்கொண்டதுதான் அதிகம்.

வீட்டுக்கு வந்தால் மதுரையிலிருந்து அண்ணன். வெறுங்கையோடு. அப்பா போய் மூணு மாசம் ஆயிற்றாம், இருப்பதைப் பிரித்துவிட வேண்டுமாம்.

பிரிக்க இருப்பது:
பித்தளை அண்டா, ஒன்று.
சைக்கிள், செயின் இல்லாமல்.
டேபிள் ஃபேன், அம்மா தரமாட்டாள்.
ஜப்பான் கைக்கடிகாரம், இரண்டு.

அவன் வந்தது கடைசி ஐட்டத்துக்கு. மற்றதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கண் பூஜை அலமாரிப் பக்கமே போனது.

நவம்பர் 2, திங்கள்

வீக்லி ஆஃப். மழை இல்லை, வெயிலும் இல்லை. துணி ஒன்றும் காயவில்லை.

அப்பா சொன்னதை எழுதி வைத்துவிட வேண்டும். இனிமேல் அதைச் சொல்ல ஆளில்லை. நானும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடுவேன்.

அப்பா இங்கே ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராகச் சேர்வதற்கு முன்னால் மலேயாவில். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் வேலை. சண்டையில் ஜப்பான் தோற்ற பிறகு, பிடிபட்ட சிப்பாய்களைப் பக்கத்திலேயே ஒரு கொட்டகையில் போட்டு வைத்திருந்தார்கள். மலேரியா, பட்டினி. ஒருத்தன் தன் கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அரிசி வாங்கிக்கொண்டான். அதுதான் நட்சத்திரம் போட்ட வாட்ச். அதை அப்பா சாகிற வரைக்கும் கட்டினார். ஒரு நாளில் பத்து நிமிஷம் பிந்தும். அவரும் சேர்ந்து பிந்துவார்.

இன்னொன்று நங்கூரம் போட்டது. அதைக் கொடுத்தவன் கப்பல் படைப் பையன். "மீசைகூடச் சரியா மொளைக்கல" என்பார் அப்பா. பிழைக்கமாட்டோம் என்று அவனுக்குத் தெரிந்துபோயிருக்கிறது. ஊசி ஒன்றை இரவல் கேட்டு, படுத்தபடியே கடிகாரத்தின் பின்மூடியில் கீறிக்கொண்டே இருந்தானாம். பேர், ஊர். கீறி முடித்து அப்பா கையில் வைத்து, அந்த எழுத்தைத் தட்டிக் காட்டி, இரண்டு கையையும் கூரை மாதிரி சேர்த்துப் பிடித்தானாம். வீடு. என் வீட்டுக்கு.

"தலையாட்டிட்டேன் கோதை. வேற என்ன செய்ய முடியும் அந்த நேரத்துல? ஆட்டிட்டேன்."

ஊருக்கு வந்து, வேலை கிடைத்து, கல்யாணம் ஆகி, நாங்கள் பிறந்து. மெட்ராஸுக்கு ஒரு தடவை போய் ஜப்பான் பாஷை தெரிந்த ஆளைப் பிடித்து விசாரிக்க வேண்டும் என்பார். பொங்கல் கழியட்டும், லீவு வரட்டும், உன் பரீட்சை முடியட்டும். மெட்ராஸ் அங்கேயே இருந்தது. அவர்தான் போகவில்லை.

அந்தக் கடிகாரத்துக்கு அவர் சாவி கொடுத்ததே இல்லை. "அது நம்மளது இல்ல." பூஜை அலமாரியில், ஆண்டாள் படத்துக்குக் கீழே, வெற்றிலைத் தட்டில்.

சாயங்காலம் அண்ணனோடு வாக்குவாதம். தெரிந்த ஆள் ஒருவர் மதுரையில் பழைய வாட்ச் வாங்குகிறாராம், கூட்டி வந்து விலை போடச் சொல்லி, ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளலாமாம். அம்மா அடுப்பங்கரையிலிருந்து, "வெல போடுறதுக்கு அது என்ன ஆடா மாடா?"

நான்: நங்கூரம் பங்கில் வராது. அது கொடுக்க வேண்டியது.

அவன்: "யாருக்கு? வெலாசம் சொல்லு, நானே போஸ்ட்ல அனுப்பறேன்."

எரிச்சலில் நெல்லிக்காய் ஊறுகாய் பாட்டிலை மூடாமல் வைத்துவிட்டு வந்திருக்கிறேன், பல்லி விழாமல் இருந்தால் சரி.

நவம்பர் 3, செவ்வாய்

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். பிள்ளையார் கோவில் திருப்பத்தில் தோன்றியது.

மடச்சி, மடச்சி. ஞாயிறு தவறாமல் ஒரு ஜப்பான்காரருக்கு லைன் போட்டுக் கொடுக்கிறேன். அந்த எழுத்தைப் படிக்கிற ஆள் மெட்ராஸில் இல்லை, ராஜபாளையத்தில் மில் கெஸ்ட் ஹவுசில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அப்பா இருந்தபோதே வந்துவிட்டார். எனக்கு அப்போது தோன்றவில்லையே.

மில்லில் மெஷின் பகுதி சூப்பர்வைசர் சுப்பராஜு சாருக்குப் போன் போட்டேன். கால் புக் பண்ணுவது அவர்தான், குரல் பழக்கம். முழுக்கதையும் சொன்னேன். தெலுங்கு வீட்டுக்காரர், பரிதாபம் வந்தால் தெலுங்கு வந்துவிடும். "அய்யோ பாபம்! கண்டிப்பா கேக்கறேம்மா. அடுத்த வாரம் வரைக்கும் மெஷின் ஓட்டிப் பாக்கறாங்க, அவருக்குத் தூக்கமே இல்ல. பதினஞ்சாந் தேதி ஞாயித்துக்கிழமை கொண்டாங்க."

இன்று முழுக்க ராங் நம்பர்கூட இனிமையாக இருந்தது.

நவம்பர் 5, வியாழன்

அம்மாவிடம் ஜப்பான் இன்ஜினியர் விஷயத்தைச் சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பூஜை அலமாரிப் பக்கம் போய்ச் செத்த நேரம் நின்றுவிட்டு வந்தாள். "அவிய இருந்தா வேட்டி மாத்திக்கிட்டு இப்பவே பெறப்பட்டுருப்பாக." இருவரும் சிரித்தோம். அப்பா போன பிறகு இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பாக இருக்கும்.

பால்காரர் தண்ணீரில் கொஞ்சம் பால் கலந்து கொடுக்கிறார். சொல்ல வேண்டும்.

நவம்பர் 8, ஞாயிறு

டூட்டியை மாற்றிக்கொண்டு வீட்டில் இருந்தேன். இருந்திருக்க வேண்டாம்.

பதினோரு மணிக்கு அண்ணன், கூடவே விலை போடும் ஆள். சஃபாரி சூட், வாய் நிறைய வெற்றிலை. வந்ததும் பால்கோவா எந்தக் கடையில் நல்லது என்று விசாரணை. பம்பாய்ப் பார்ட்டிகளுக்கு வாங்கி அனுப்புகிறாராம். வெளிநாட்டுக்காரர்களுக்கு இப்போது ராணுவ வாட்ச் மேல் பைத்தியமாம்.

வேலையில் சூரர்தான், இல்லை என்று சொல்லக் கூடாது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டார். முதலில் நட்சத்திரம். டயலில் நட்சத்திரம் இருந்தால் தரைப்படை. முள்ளிலும் எண்ணிலும் ரேடியம் பூசியிருப்பார்களாம், இருட்டில் தெரிவதற்கு. தலைமேல் அம்மாவின் போர்வையை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தார். வெளியே வந்து, "செத்துப் போச்சு. அதுதான் நல்லது. மின்னுச்சுன்னா எவனோ புதுசாப் பூசிருக்கான்னு அர்த்தம்." பின்மூடியைத் திருப்பி அழுக்கை நகத்தால் சுரண்டினார். உள்ளே வரிசையாக எழுத்து. கூர்மையாக, நேற்று வெட்டினது போல. அப்பாவின் வியர்வையும் அழுக்கும் மூடிப் பத்திரமாக வைத்திருக்கின்றன. ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கலாம் என்றார். அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

பிறகு நங்கூரம். டயலைப் பார்த்ததுமே வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "கப்பல் படை. இது லேசுல கெடைக்காது சார். நான் இது வரைக்கும் ஒண்ணுதான் பாத்திருக்கேன்." நான் பெருமையாக, பின்னால் அந்தப் பையன் கையாலேயே பேர் கீறியிருக்கிறான் என்றேன். "அப்படியா! அப்ப வெலையே வேற."

திருப்பினார். லென்ஸை எடுத்துவிட்டுப் பார்த்தார். மறுபடி லென்ஸ். வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்து.

"எங்கம்மா எழுத்து? வழுக்கையால்ல இருக்கு."

வாங்கிப் பார்த்தேன். ஓரத்தில் ஏதோ நாலைந்து கோடு, அதுவும் இருக்கிற மாதிரி இல்லாத மாதிரி. நடுவில் கண்ணாடி மாதிரி என் மூக்கு தெரிந்தது. சின்ன வயதில் விரலால் தடவியிருக்கிறேன், சொரசொரவென்று இருக்கும். அதற்குப் பிறகு நானும் திருப்பிப் பார்த்ததில்லை. சாமித் தட்டில் இருப்பதை யார் திருப்பிப் பார்க்கிறார்கள்?

"இந்த மாதிரி வாட்ச்சுக்கு முன்பக்கம் அடையாளம், பின்பக்கம்தான் வெல. இதை எதுல தேச்சீங்க?"

அம்மா காப்பி டம்ளரோடு வந்தவள், கேட்ட கேள்விக்கு முகமெல்லாம் மலர்ந்து பதில் சொன்னாள்: "புளியும் சாம்பலுந்தான். ஆயுத பூச தவறாமத் தேச்சிருவேன். அருவாமனை, கத்தி, கத்திரிக்கோல்னு எல்லாத்தையும் தேச்சாலும் இதுக்குத்தான் கூட நேரம். அடுத்த வீட்டுப் பொருள்லா? களிம்பு ஏற விடலாமா?"

அவள் ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்தாள். அண்ணன்தான் போட்டு உடைத்தான். "அம்மா, அந்தப் பையன் பேரு பின்னாலதாம்மா இருந்துச்சு."

"எழுத்து முன்னாடில்லா இருக்கு? கண்ணாடிக்குள்ள? அதுல தண்ணி படாம எம்புட்டுப் பக்குவமா..." அதோடு நின்றுவிட்டாள். காப்பியைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றாள்.

டயலில் அச்சடித்திருக்கும் ஜப்பான் எழுத்தைத்தான் இத்தனை வருஷமாக அவன் விலாசம் என்று நினைத்திருக்கிறாள். பின்னால் இருந்தது நாங்கள் விளையாடிப் போட்ட கீறல் என்று. அவளுக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும்.

அண்ணன் நட்சத்திரத்தை எடுத்துக்கொண்டான். நங்கூரம் எனக்காம். போன வாரம் அதையும் பங்கில் போடு என்று குதித்தவன். போகும்போது பால்கோவா வாங்கிக்கொண்டு போயிருப்பான்.

நவம்பர் 9, திங்கள்

அம்மா சாப்பிடவில்லை. கேட்டால் "வயிறு மந்தம்". கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். அதட்டினேன். "நீ என்ன வேணும்னா செஞ்சே?" என்று கத்தினேன். கத்தியிருக்கக் கூடாது. அவள் மேல் கோபம் இல்லை. யார் மேல் என்றும் தெரியவில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, திருப்பிக் காட்டி "இதுதான் அந்த எழுத்து" என்று அவளிடம் அப்பா சொல்லியிருக்கலாம். எங்களுக்கு அத்தனை முறை சொன்னார். அவளும் அதே அறையில் அரிசி புடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கேட்டால் போதும் என்று நினைத்துவிட்டார்.

அழகாக வணங்கி வணங்கியே அழித்திருக்கிறோம். கையில் கட்டித் திரிந்த வாட்ச்சில் எழுத்து நிற்கிறது.

நவம்பர் 11, புதன்

மழை. லைன் எல்லாம் இரைச்சல். சேத்தூர்ப் பக்கம் மரம் விழுந்து கம்பி அறுந்து கிடக்கிறது. நாள் முழுக்க வசவு வாங்கினேன்.

"ஏம்மா, நான் பேசறது மதுரையா, கெணறா?" என்று ஒருத்தர்.

மதுரையிலிருந்து அண்ணன் டிரங்க் கால். ஆபீஸ் நேரத்தில். "அம்மா எப்படி இருக்கா?" அப்புறம், "நான் அப்படிப் பட்டுன்னு சொல்லியிருக்கக் கூடாது." அப்புறம் மூன்று நிமிஷம் முடிந்துவிட்டது, நானே இன்னொரு மூன்று நிமிஷம் நீட்டிக் கொடுத்தேன், அவன் மறுபடியும் அம்மாவைத்தான் விசாரித்தான்.

சுப்பராஜு சாரிடம் வரவில்லை என்று சொல்லிவிடலாமா? எதைக் காட்டுவது? வழுக்கையையா?

நவம்பர் 13, வெள்ளி

அம்மா இன்றுதான் வாயைத் திறந்தாள். "ஞாயித்துக்கெழம நானும் வாரேன்."

எதற்கு என்றேன்.

"அந்தப் பிள்ளையோட ஊர்க்காரர்ட்ட நான் சொல்லணும்."

வேண்டாம் என்று எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். அவர் யாரோ, இது யாரோ, பாஷை தெரியாது, அவர் மெஷின் மாட்ட வந்தவர். அசையவில்லை. மகாராஜபுரத்துப் பிடிவாதம், அவள் பிறந்த ஊர்த் தண்ணி அப்படி. "தலையாட்டினது அவிய. அழிச்சது நானு. அவிய இல்லாதப்ப நான்தானட்டி போய்ச் சொல்லணும்."

ரேஷன் சீனி போடுகிறார்களாம், நாளை கடைசி.

நவம்பர் 15, ஞாயிறு

வெயில். இந்த மாதத்தில் முதல் நல்ல வெயில். வீடு வந்து விளக்கேற்றியதும் எழுத உட்கார்ந்துவிட்டேன். வரிசையாக எழுத வேண்டும்.

மில் கெஸ்ட் ஹவுஸ். சுப்பராஜு சார் வாசலில் நின்றிருந்தார். ஜப்பான் சார் நான் நினைத்ததைவிடச் சின்ன உருவம், ஐம்பது வயதிருக்கும், வெள்ளைச் சட்டையில் கிரீஸ் கறை. போனில் கேட்ட குரல் இந்த உடம்பிலிருந்து வருவதே ஆச்சரியமாக இருந்தது. அம்மா பைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுக்கப் போனாள். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, உள்ளே போய்க் கை கழுவிக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் வாங்கினார். தலை தாழ்த்தினார். கடிகாரத்துக்குத்தான்.

பின்மூடி மேல் மெல்லிய காகிதம் வைத்துப் பென்சிலைச் சாய்த்து லேசாகத் தேய்த்தார். கறுப்புக்குள் வெள்ளையாகக் கோடுகள் வந்தன. பெரும்பாலும் அம்மா தேய்த்த தடம். வட்ட வட்டமாக. ஓரத்தில் ஒரு கட்டம், அதற்குள் ஒரு சிலுவைக் கோடு. அவர் இங்கிலீஷில் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்ல, சுப்பராஜு சார் தமிழில்.

"இது ஒண்ணுதான் முழுசா இருக்காம். வயல்னு அர்த்தமாம். நெல் வயல்."

பேரா, ஊரா என்று கேட்டேன்.

"அதுவும் சொல்ல முடியாதாம். பேருலயும் வருமாம், ஊருலயும் வருமாம். இவரோட வேலை பாக்கற ஆளுங்கள்லயே எத்தனையோ பேருக்கு இருக்காம். சண்டையில போனவங்களப் பத்தி விசாரிக்க அங்க ஆபீஸ் இருக்காம். ஆனா இந்த ஒரு எழுத்த வச்சு..." சுப்பராஜு சார் கையை விரித்தார்.

அவ்வளவுதான். அப்பா, இவ்வளவுதான் மிச்சம். வயல்.

அம்மா எழுந்து நின்றாள். "ஐயா, அந்தப் பிள்ள எங்க வீட்டுக்காரவுகள நம்பிக் குடுத்தது. நான்தான் புளி போட்டுத் தேச்சுத் தேச்சு அழிச்சுப்புட்டேன். தெரியாமச் செஞ்சது. அவனப் பெத்தவ இருந்தாள்னா அவட்டச் சொல்லணும். தெரியல யாருன்னு. அதான் ஒங்கட்டச் சொல்லுதேன்."

சுப்பராஜு சார் "பாபம்... இத எப்படிம்மா நான்" என்று என்னைப் பார்த்தார். சொல்லுங்கள் என்றேன். சொன்னார். எப்படிச் சொன்னாரோ, புளிக்கு இங்கிலீஷ் வராமல் கையால் தேய்த்துக் காட்டினார்.

ஜப்பான் சார் கடிகாரத்தை மெதுவாக மேஜை மேல் வைத்தார். பிறகு சொன்னது: அவருடைய பெரியப்பா ஒருவர் சண்டைக்குப் போனவர், எங்கே செத்தார் என்று தெரியாது. வீட்டுக்கு ஒரு மரப்பெட்டி வந்ததாம். எலும்பு இருக்கும் என்று திறந்தால் ஒரு கல். அந்தக் கல்லைத்தான் புதைத்திருக்கிறார்கள்.

அதைக் கேட்டதும் அம்மா சட்டென்று கடிகாரத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். "அப்ப இத அவுக கல்லுக்குப் பக்கத்துல வச்சிரச் சொல்லுங்க. அந்த ஊர் மண்ணுலயாவது கெடக்கட்டும்."

அவர் மறுத்துவிட்டார். மெதுவாக, ஆனால் தெளிவாக. இது வேறு ஒரு வீட்டுப் பையனுடையது. தன் வீட்டுக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டு பேருக்கும் பொய் சொன்னதாகிவிடும். தேய்த்த காகிதத்தை மட்டும் எடுத்துக்கொள்வதாகவும், ஊருக்குப் போனதும் விசாரிப்பதாகவும் சொன்னார். நடக்காது என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அம்மா தலையாட்டினாள். "சரிதான். அவர் சொல்லுறது ஞாயம்."

எனக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. அம்மா ஜன்னலோரம். வெளியே மழையில் நிரம்பிய கண்மாய், கரையெல்லாம் கொக்கு. பின் சீட்டில் இரண்டு பேர் ஏதோ கல்யாணத்துச் சாம்பாரைக் குறை சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

"ஏட்டி, அவியளுக்குக் கண்ணு ஆப்பரேசன் பண்ணி எத்தன வருசம் இருக்கும்?"

அப்பாவுக்கா, ஏழெட்டு இருக்கும் என்றேன்.

"அதுக்குப் பொறவு நல்லாத் தெரிஞ்சுதுல்லா? ஊசிக்கு நூல்கூடக் கோத்துக் குடுத்தாகளே எனக்கு."

"ஆமா. அந்தத் தடிக் கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பஞ்சாங்கமே படிப்பாரே."

மெட்ராஸ் போக வேண்டும் என்று அப்பா சொல்வது எப்போது நின்றது என்று யோசித்தேன். ஆப்பரேஷனுக்கு முன்பு வரை சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு ஒரு தடவை சொன்னதாக நினைவில் இல்லை. வயதாகிவிட்டது, அலுத்துவிட்டார் என்று நினைத்திருந்தேன்.

அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே பேசினாள்.

"நான் தேச்சுக் கழுவித்தான் குடுப்பேன். அவியதான் வாங்கித் துண்டால தொடைப்பாக. முன்னயும் பின்னயும் திருப்பித் திருப்பி, ஈரம் போகத் தொடைச்சு, சந்தனம் வச்சு எங்கைல குடுப்பாக. போன வருசங்கூட."

கண்டக்டர் வந்தான், டிக்கெட் கேட்டான், காட்டினேன், போனான்.

"அழிஞ்சு போச்சுன்னு ஒரு வார்த்த சொல்லலயே, கோதை."